சந்தேகப்பட்டால் கதவைத் தட்டலாமா?

கேள்வி: சென்னையை அடுத்த பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கும் மாணவரின் கதவைப் போலீஸ் சும்மா தட்ட முடியுமா?

பதில்: தட்டலாம், தட்டுவதற்கு வாரண்ட் தேவையில்லை. உள்ளே நுழைவதற்குத்தான் சட்டம் வேண்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று தாம்பரம் மாநகரப் போலீஸார் பொத்தேரி அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரும்படையாகக் கஞ்சா வேட்டை நடத்தியது நினைவிருக்கலாம். இத்தகைய சோதனைக்கு அடிப்படை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன் 42-ஆவது பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி தனக்குக் கிடைத்த தகவலை எழுதி வைத்துவிட்டுப் பகலில் வாரண்ட் இல்லாமலே நுழையலாம். பொழுது சாய்ந்தபின் என்றால், வாரண்டுக்குக் காத்திருந்தால் சரக்கு மறைந்துவிடும் என நம்பிய காரணத்தையும் எழுத வேண்டும். இரண்டின் நகலும் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். 'பையன் முழியே சரியில்லை' என்பது காரணப் பட்டியலில் சேராது.

உடலைச் சோதிப்பது வேறு கதை. அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை சோதிக்கப்படுபவருக்கு உண்டு. அந்த உரிமையைப் போலீஸே சொல்ல வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தோளில் தொங்கும் பைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது! பெண்ணைச் சோதிப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம், செல்போனே போதும். கைதானால் காரணத்தைச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. பொத்தேரி வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலுக்கு அது நல்ல ஏற்பாடுதான்.