மூக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

முதலில் வியாதிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே வியாதி என்றால் ஒரே ஃபைலில் கதை முடிந்துவிடும். அதில் சுவாரஸ்யம் இல்லை. என் தேர்வு, வலதுக்குச் சர்க்கரையால் வந்த மாகுலா வீக்கம், இடதுக்கு சி.எஸ்.ஆர். என்கிற சென்ட்ரல் சீரஸ் ரெட்டினோபதி. இரண்டிலும் பிரச்சினை நீர்தான். வலதில் விழித்திரைக்குள்ளேயே ஊறியிருக்கும். இடதில் அதன் அடியில் கோத்திருக்கும். ஓரகத்திகள் மாதிரி, ஒரே வீடு, பேச்சுவார்த்தை கிடையாது.

வலது அவசரக்காரி. கண்ணுக்குள்ளேயே ஊசி, ஆரம்பத்தில் மாதாமாதம். போகும் மருந்து 0.05 மில்லிதான். ஊசியைவிட, அதற்கு முன் விடுகிற அயோடின்தான் எரியும். இடது சாவகாசக்காரி. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக வடியும், டென்ஷன் மட்டும் கூடாது. "உடனே வாங்க", "பொறுத்துப் பார்க்கலாம்" இரண்டையும் ஒரே டாக்டர் ஒரே மூச்சில் சொல்வார். டென்ஷன் ஆகாதீர்கள்.

ஊசிக்கு மசியாவிட்டால் வலதுக்கு ஸ்டீராய்டு என்று ஒரு வழி உண்டு. இடதில் நீரைக் கோக்கவைக்கக்கூடிய பேர்வழியும் அதே ஸ்டீராய்டுதான்! ஆகவே ஆஸ்துமா பஃப், தோல் களிம்பு, மூட்டு ஊசி என்று யார் எதை எழுதினாலும் இடது கண்ணின் ஜாதகத்தை முதலில் ஒப்பியுங்கள்.

சீட்டுகளைக் கலக்காதீர்கள். கண் டாக்டர் எழுதும் 'ஓ.டி.' வலது கண்; சர்க்கரை டாக்டர் எழுதும் 'ஓ.டி.' தினம் ஒருவேளை. நான் ஒரு வாரம், நாலு வேளைச் சொட்டை ஒரே வேளையோடு நிறுத்தியிருந்தேன்.

சி.எஸ்.ஆர். கண்ணுக்குப் பொருள்கள் சிறுத்துத் தெரியும். வடை உட்பட. 'இத்தனூண்டுதானே' என்று இடது கண் சிபாரிசு செய்யும். பில் வலது கண்ணுக்குப் போகும். இந்த விஷயத்தில் வீட்டுக்காரி கண்ணை நம்புவதே உத்தமம்.

ஊசி நாளன்று எந்தக் கண் என்று ஐந்து பேர் கேட்டு, நெற்றியில் அந்தப் பக்கம் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், ஆறாவது ஆளும் கேட்கட்டும்.

தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டர் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மற்றதைப் பொத்துங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குட்டை மறைத்துவிடும். கோடு புதிதாக வளைந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் கிளம்புங்கள். ஆட்டோவில் போங்கள், பாப்பா விரிய மருந்து விட்டபின் வண்டி ஓட்ட முடியாது.