ஒரு கூடைப் பந்தும் ஒரு குறியும்

கேள்வி: மருதானையிலிருந்து நுகேகொடைக்குப் போகிற கோச்சி, பொரளைப் பக்கம் ஒரு பச்சைத் திடலின் நடுவால் போகிறதே, அது யாருடைய இடம்? (மருதானை வாசகர்)

பதில்: ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் திடல் அது. 1879இல் கழகத்தைத் தொடங்கிய வெள்ளைக்காரர் முதலில் ஆடியது காலிமுகத்திடலில். இன்று பட்டம் விடுகிற, இறால் வடை விற்கிற அதே இடம். 1896இல் பொரளைக்கு வந்தார்கள். புதுத் திடலுக்கு அப்போதைய தேசாதிபதி ரிட்ஜ்வேயின் பெயரை வைத்தார்கள். 'ரோயல்' பட்டம் 1928இல் சேர்ந்தது. களனிவெளிப் பாதை அவிசாவளையை எட்டியது 1902இல். ஆக, திடல் மூத்தது, தண்டவாளம் இளையது. ஆனாலும் கோச்சி வந்தால் மூத்தவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்!

கேள்வி: கழகத்தில் உறுப்பினராகிற வசதி எனக்கில்லை. மட்டையைத் தொட்டாவது பார்க்க வழியுண்டா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உண்டு, அதற்குத்தான் டிரைவிங் ரேஞ்ச். வரிசையாக நிற்கும் இடங்கள், காலடியில் செயற்கைப் புல் விரிப்பு, பக்கத்தில் ஒரு கூடைப் பந்து, எதிரே 50, 100, 150 யார் என்று தூரப் பலகைகள். அடித்த பந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. பெரும்பாலான ரேஞ்சுகளில் மட்டையும் வாடகைக்குக் கிடைக்கும்.

நிலக்கணக்கையும் பார்க்க வேண்டும். 18 குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் தேவைப்படும். நெரிசலான ஊரில் அது சின்ன விஷயமல்ல. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுத்த காணி 'வோட்டர்ஸ் எட்ஜ்' கோல்ஃப் திடலானது செல்லாது என்று 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு என்பதே இந்தப் பகுதியின் கருத்து. ரேஞ்சுக்கோ 300 யார் நீளமுள்ள ஒரு வெளியே தாராளம். வலை கட்டினால் அதிலும் குறையும். ஜப்பானில் இரண்டு மூன்று மாடியாக அடுக்கி ஆடுகிறார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளை இந்த விளையாட்டுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு சனிக்கிழமையும் நூறு பந்து அடிக்கிறேன். ரேஞ்சில் புலி, திடலில் பூனை. ஏன்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: ஒரே மட்டை, ஒரே திசை, ஒன்றன்பின் ஒன்றாக நூறு பந்து. அப்படித்தானே? இருபதாவது பந்தில் கை பழகிவிடும், மனம் வீட்டுக்குப் போய்விடும். திடலிலோ ஒரே அடி இரண்டு முறை வாய்ப்பதில்லை.

1979இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மரத் தடைகளைக் குறித்த ஒழுங்கில் தட்டிவிடுவதுதான் வேலை, அதில் மூன்று வகை. ஒரு கூட்டம் ஒவ்வொரு வகையையும் முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றக் கூட்டம் மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் கலந்து செய்தவர்களே தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள்.

ஆகவே நூறு வேண்டாம், நாற்பது போதும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பலகையைக் குறியாக எடுங்கள். மட்டையை மாற்றுங்கள். பின்னால் வந்து நின்று குறியைப் பாருங்கள், பிறகு அடியுங்கள்.

விரிப்பு செய்கிற கள்ளத்தனம் வேறு இருக்கிறது. இரும்பு மட்டை முதலில் பந்தில் பட்டு, பிறகுதான் தரையைத் தொட வேண்டும். இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் விரிப்பில் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தள்ளிவிடும். அடி நன்றாக இருந்தது போலத் தோன்றும். உண்மைப் புல்லில் அதே அடி மண்ணைத் தோண்டும், பந்து காலடியிலேயே கிடக்கும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: முதலில் 'டப்' என்றால் விரிப்பு, 'டிக்' என்றால் பந்து.

கேள்வி: பந்தில் ஏன் அம்மைத் தழும்பு போலக் குழிகள்? (பம்பலப்பிட்டி மாணவி)

பதில்: 19ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்து மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் வழவழப்பான பந்து செய்தார்கள். அடிபட்டுக் காயப்பட்ட பழைய பந்து புதியதைவிட நேராகவும் தூரமாகவும் பறப்பதை ஆடியவர்கள் கவனித்தார்கள். அதன் பிறகு காயத்தைத் தாங்களே வைத்தார்கள்! குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடுகின்றன. அதனால் பந்தைப் பின்னே இழுக்கும் குறைந்த அழுத்தப் பகுதி சுருங்குகிறது. பின்னோக்கிச் சுழலும் பந்து மேலெழவும் அவை உதவுகின்றன. 46 கிராமுக்குச் சற்றே குறைந்த பந்து 200 யாருக்கு மேல் போவது இதனால்தான்.

கேள்வி: நாற்பது தாண்டிவிட்டது. இனிப் பழகி என்ன? (தெமட்டகொடை வாசகர்)

பதில்: ஃபிஜியில் பிறந்த விஜய் சிங் உலகின் முதலிடத்துக்கு வந்தது 2004 செப்டெம்பரில், 41 வயதில், டைகர் வுட்ஸைப் பின்தள்ளி. ஒரு காலத்தில் போர்னியோவில் கழகப் பயிற்றுநராக இருந்தவர். மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் ரேஞ்சில் நிற்கிறவர் என்று பெயரெடுத்தவர்.

ரேஞ்ச் தூரம் என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். 72 முறை அடித்து முடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட திடலில் 36 முறை, குழியருகே உருட்டுவதற்கென்றே ஒதுக்கியது. குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். விறாந்தையில் ஒரு தேநீர்க் குவளையைப் படுக்க வைத்து, ஆறடி தள்ளி நின்று உருட்டிப் பாருங்கள். மாடி வீடென்றால் கீழே ஒரு பாய் விரித்துக்கொள்ளுங்கள், கீழ்வீட்டார் தூங்கட்டும்.