சகோதரத்துவத்தின் செய்முறைப் பாடம்

பிலிப்பைன்ஸ் சட்டக் கல்லூரிகளில் 'ஃபிராட்டர்னிட்டி' எனப்படும் சகோதர சங்கங்கள், புதிய உறுப்பினரை அடித்துச் சேர்த்துக்கொள்ளும் 'ஹேஸிங்' சடங்கின் வழியாக, உடற்காயம் பற்றிய தண்டனைப் பிரிவுகளைச் செய்முறையாகவே கற்பித்துவிடுகின்றன. இப்படிக் கிடைக்கும் உறவு செனட், நீதிமன்றம், அமைச்சகம் எனத் தொடர்ந்து வருவதால் அடி வீண்போவதில்லை. எனினும் முன்னாள் சர்வாதிகார அதிபர் மார்கோஸும் அவர் சிறையிலடைத்த எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோவும் ஒரே சங்கத்துச் சகோதரர்களே என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1991இல் அத்தெனெயோ பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவர் இச்சடங்கில் அடிபட்டு இறந்தபின், 1995இல் வந்த சட்டம் சடங்கை அடியோடு தடுக்காமல், திருமண மண்டபத்துக்கு முன்பதிவு செய்வதுபோல, ஏழு நாள் முன்னதாகக் கல்லூரிக்கு எழுத்து மூலம் அறிவிக்கச் சொன்னது. 2017இல் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவரும் அவ்வாறே இறந்த பிறகே, 2018இல் முழுத் தடை பிறந்தது. அம்மரணத்துக்காகச் சங்கத்தினர் பத்துப் பேருக்கு மணிலா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2024இல்.