தானே மேஸ்திரி

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விடாமல், கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், ஆசாரி, பெயிண்டர் என்று ஆறு பேரைத் தனித்தனியாகப் பிடித்து, அந்த ஆறு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும் வீட்டுக்காரரைத் 'தானே மேஸ்திரி' எனலாம். தாம்பரம், அம்பத்தூர் முதல் கோவை, மதுரைப் புறநகர் வரை இவர் பரவலாகக் காணப்படுகிறார். ஓய்வுபெற்று பி.எஃப். பணம் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், அல்லது பெண்ணின் கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்பு, இவர் உருவாகிறார்.

உருவாவதற்குக் காரணம் ஒரு கொட்டேஷன். கான்ட்ராக்டர் வருகிறார், சுவரை இரண்டு இடத்தில் விரல் முட்டியால் தட்டுகிறார், "பொத்துனு கேக்குது பாருங்க சார், பூச்சு விட்டுப்போச்சு" என்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு தொகை வருகிறது. கூடவே, "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் தனி" என்று ஒரு வரி. வீட்டுக்காரர் கால்குலேட்டரை எடுக்கிறார். சிமென்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட் இத்தனை யூனிட், டைல்ஸ் இத்தனை சதுர அடி, ஆள் கூலி இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் கான்ட்ராக்டர் சொன்னதைவிடக் குறைகிறது. அந்த வித்தியாசத்துக்கு அவர் 'கொள்ளை' என்று பெயர் வைக்கிறார். ஆள் வராத நாளில் வேறு ஆள் பிடிப்பது, எது முதலில் எது பிறகு என்று வரிசை போடுவது, தப்பு நடந்தால் தலையைக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஆனால் இவை எதையும் ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தருவதில்லை. கண்ணில் படாத சரக்குக்குக் காசு கொடுக்கும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

ஆள் சேர்ப்பது அடுத்த கட்டம். கொத்தனார் டீக்கடையில் கிடைக்கிறார். பிளம்பரை ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்புகிறார். டைல்ஸ்காரர் டைல்ஸ் கடையோடு ஒட்டிக்கொண்டு வருகிறார். ஆசாரி, மச்சினர் வீட்டுக்குக் கதவு செய்தவர். ஆகவே அவரிடம் பேரம் பேச முடியாது. ஒரு மாதத்தில் வீட்டுக்காரரின் செல்போனில் 'பிளம்பர்', 'பிளம்பர் புதுசு', 'பிளம்பர் எடுக்கமாட்டார்' என்று மூன்று பெயர்கள் பதிவாகிவிடும்.

அடையாளங்கள் எளியவை. சட்டைப் பையில் டேப், காதில் பென்சில், கையில் ஏதோ வங்கி கொடுத்த பழைய டைரி. ராத்திரி யூடியூப் பார்த்துவிட்டுக் காலையில் கொத்தனாரிடம் கலவை விகிதம் பேசுவார். முப்பது வருஷமாகக் கரண்டி பிடித்தவர் "சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த விகிதத்தில் கலப்பார். சித்தாள் வேலைக்கு வந்த பீகார் இளைஞரிடம் "பானி டாலோ" என்று இந்தியில் ஆணையிடுவார். அந்த இளைஞர் "ஊத்திட்டேன் சார்" என்று தமிழில் பதில் சொல்வார்.

இவர் சறுக்கும் இடம் வரிசை. இடிப்பு முடிந்ததும் சுவரில் காடி எடுத்து, குழாயும் ஒயர் போகும் பைப்பும் பதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூச்சு. பூச்சு வேலை முடிந்தால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு பாத்ரூமுக்கு வாட்டர்புரூஃபிங், அதன்மேல் டைல்ஸ், பிறகு மரவேலை, பட்டி, பிரைமர், பெயிண்ட், கடைசியில் ஸ்விட்சும் குழாய்த் திருகும். இது இவருக்கும் தெரியும். டைரியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருப்பார். ஆனால் எலக்ட்ரீஷியனுக்கு டைரி தெரியாது. வேறு இடத்தில் வேலை முடிந்து அவர் வரும்போது பூச்சு காய்ந்து, பெயிண்டர் முதல் கை பட்டியும் இழுத்திருப்பார். "ஏ.சி.க்குத் தனி லைன் வேணும்னு யாரும் சொல்லலியே சார்" என்றபடி அவர் கட்டிங் மெஷினைச் சுவரில் வைப்பார். காடி எடுக்க ஒரு கூலி, அடைக்க ஒரு கூலி, மறுபடி பட்டி பார்க்க ஒரு கூலி. டைரியில் 'இதர செலவு' என்ற தலைப்பு அன்றுதான் பிறக்கிறது.

பட்டி மூட்டைக்குள் பெயிண்டருக்கென்று கம்பெனி வைக்கும் டோக்கன் இன்னொரு திருப்பம். மூட்டையைத் தாமே பிரித்த தானே மேஸ்திரி அதைக் கண்டெடுக்கிறார். 'பொருள் என்னுடையது, டோக்கனும் என்னுடையது' என்ற நியாயப்படி டைரிக்குள் செருகிக்கொள்கிறார். மறுநாள் பெயிண்டருக்கு ஊரில் ஒரு சாவு. அந்தச் சாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்வரை உண்டு.

இந்த இனத்தை முழுதாகப் பார்க்க உகந்த இடம் ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம். டைல்ஸ் பதித்தாயிற்று. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படுகிறது. தண்ணீர், அது வெளியேற வேண்டிய ட்ராப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், கீசருக்குக் கீழே மூலையில் போய்க் குளம் கட்டி நிற்கிறது. வாட்டம் சரியில்லை. டைல்ஸ்காரர், பிளம்பர், கொத்தனார் மூன்று பேரும் வரவழைக்கப்படுகிறார்கள்.

டைல்ஸ்காரர் சொல்கிறார்: "ட்ராப் ஏத்தமா உக்காந்திருக்கு சார். நான் எங்க வாட்டம் கொடுக்கிறது?"

பிளம்பர்: "தரை மட்டம் இதுதான்னு கொத்தனார் அண்ணன் கோடு போட்டுக் கொடுத்தாரு. அதுக்குத்தான் வெச்சேன்."

கொத்தனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொல்கிறார்: "கோடு போட்டது நிஜம். அப்புறம் கதவு இடிக்கும், அரை இஞ்சு இறக்கிடுன்னு சொன்னது யாரு? சார்தானே?"

மூவரும் சாரைப் பார்க்கிறார்கள். ட்ராப் வைத்த பிறகு தரையை இறக்கச் சொன்னது நிஜம். அதைப் பிளம்பரிடம் சொல்லவில்லை என்பதும் நிஜம். கான்ட்ராக்டர் இருந்திருந்தால் இந்தக் கட்டத்தில் சார் அவரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இப்போது உலுக்க வேண்டிய ஆள் அவரே. உள்ளேயிருந்து, "ஏங்க, அந்த ஆளுகிட்டயே விட்டிருக்கலாம்" என்று ஒரு குரல் வரும். அதற்குப் பதில் கிடையாது.

கான்ட்ராக்டர் ஒன்றும் தர்மராஜா இல்லை. ஒரே சமயத்தில் மூன்று சைட் வைத்திருப்பார். இங்கே வாங்கிய அட்வான்ஸ் அங்கே கம்பியாக மாறியிருக்கும். "நாளைக்கு ஆள் வந்துரும்" என்பது அவருடைய காலை வணக்கம். பேச்சில் வராத ஒவ்வொரு ஆணியும் 'எக்ஸ்ட்ரா' என்று பில்லில் ஏறும். ஆனால் வாட்டம் தவறினால் டைல்ஸைப் பெயர்க்கும் செலவு அவர் தலையில். ட்ராப் யார் வைத்தது என்ற ஆராய்ச்சி வீட்டுக்காரருக்குத் தேவையில்லை.

எதற்கு யார் என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. ஃபேன் மாட்ட, குழாய்க்கு வாஷர் போட, ஒரு அறைக்கு வர்ணம் அடிக்கத் தனி ஆள் போதும். இதற்குக் கான்ட்ராக்டரைத் தேடுவது வீண். ஒரே அறைக்குள் இரண்டு தொழிலுக்கு மேல் நுழைந்தால், அதாவது பாத்ரூம், சமையலறை என்றால், பொறுப்பு ஒருவரிடம் இருப்பது நல்லது. நடுவழியும் ஒன்று உண்டு, லேபர் கான்ட்ராக்ட். சாமான் வீட்டுக்காரர் வாங்கித் தர, ஆட்களும் வரிசையும் ஒரு மேஸ்திரியின் பொறுப்பு. எந்த வழியானாலும் பேசியதை எழுதிக்கொள்வதும், வேலை முடிந்த அளவுக்கே பணம் தருவதும், டைல்ஸ் பதிக்கும் முன் பாத்ரூம் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பதும், கடைசித் தவணையைக் கையில் வைத்திருப்பதும் பொதுவிதி.

வேலை முடிந்த தானே மேஸ்திரி தெருவின் ஆலோசகராகிறார். யார் வீட்டு வாசலில் ஜல்லி கொட்டினாலும் அங்கே நிற்பார். "கான்ட்ராக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க" என்று டைரியைத் திறந்து, எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று கணக்குக் காட்டுவார். கணக்கு சரியாகவே இருக்கும். நாலு மாதம் காலை எட்டு முதல் மாலை ஆறுவரை நின்ற தம்முடைய கூலியை மட்டும் அவர் அதில் எழுதியிருக்கமாட்டார். பாத்ரூம் மூலையில் தண்ணீர் இன்றும் நிற்கிறது. தள்ளிவிட ஒரு வைப்பர் வாங்கிச் சாத்தியிருக்கிறது. அதன் விலையும் டைரியில் இல்லை.