கூவாகத்தில் சோவியத் லென்ஸ்

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழாவில், கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து வெள்ளையுடுத்தும் திருநங்கையரைப் படமெடுக்க ஆண்டுதோறும் திரளும் கேமராக்காரர்களுள், தனித்து ஆராயத்தக்க ஓர் உட்பிரிவு உண்டு. எதிரில் நிற்பவரின் கண்மணியைத் தானே தேடிக் குவியப்படுத்தும் மிரர்லெஸ் கேமராவை, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத கேமராவை, பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அதன்மேல் கையால் திருகவேண்டிய சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸைப் பொருத்துவோர் இவ்வகையினர்.

எம்42 மரை கொண்ட அந்த லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி அமரவேண்டியிருக்க, சோனி இ-மவுண்ட் 18 மி.மீ. மட்டுமே அளிப்பதால், மிச்சத்தை அடாப்டர் எனப்படும் உலோகக் குழாய் நிரப்புகிறது. காற்றைத் தவிர உள்ளே ஏதுமில்லாத அக்குழாய்க்கும் விலை உண்டு. கேமராவோ லென்ஸே மாட்டப்படவில்லை எனக் கருதி, லென்ஸின்றியும் இயங்கலாம் என்று மெனுவில் சம்மதம் பெற்ற பிறகே படமெடுக்கிறது. படத்துக்கு உரியவரிடம் அத்தகைய சம்மதம் கேட்கும் வழக்கம் அவ்வளவாகப் பரவவில்லை.

துளையை எஃப்/2 அளவுக்கு முழுதும் திறந்தால், முழுச்சட்ட சென்சாரில், ஒரு மீட்டர் தொலைவில் தெளிவு நிற்கும் ஆழம் சுமார் மூன்றரை செ.மீ.; கும்மியடிப்பவர் எவரும் அந்த எல்லைக்குள் நிற்பதாக வாக்களித்ததில்லை. தெளிந்த விளிம்புகளுக்கு வண்ணமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதி மல்லிகைச் சரத்தைச் சிவப்பாக்கிப் பாராட்ட, முகம் மங்கிவிடுகிறது. ஆயினும் பின்னாலுள்ள விளக்குகள் சுழன்று வளைந்து விழுந்துவிட்டால் அது கலையாகி, முகம் மங்கியது ஆசிரியரின் உள்நோக்கம் என்று விளக்கப்படுகிறது.