கடல்கடந்த பழம்பொருள் வழக்கியல்: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

விற்றோன் கண்டதும் கொண்டோன் கண்டதும்
ஒருபொருள் ஆயினும் ஒன்றல என்க;
திருப்பும் கூலி விலையின் மிகுமேல்
குறைகாண் கண்ணும் கூர்ப்படும் என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், புழங்கிய பொருளை இணையம்வழி அயல்நாட்டானுக்கு விற்றவிடத்து எழும் பூசல் இன்னது எனவும், அது தீரும் வகை இன்னது எனவும் உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் செய்தவனும் உரை செய்பவனும் ஒருவனே ஆகலின், உரைகாரர்களுக்குள் வழக்கமாக நடக்கும் சண்டை இங்கே இல்லை. துறைக்குள்ளேயே சண்டை போதுமான அளவு இருப்பதால் அது ஒரு குறையாகத் தெரியாது.

துறையின் ஆதிகாலம் 1995. அவ்வாண்டு கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார், பிற்பாடு ஈபே என்று பெயர் மாறிய ஏலத்தளத்தைத் தொடங்கி, தம்மிடம் கிடந்த பழுதான லேசர் சுட்டி ஒன்றை அதில் போட்டார். 14.83 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் கனடாக்காரர். ஆக, அந்தப் பெரிய சந்தையின் பிள்ளையார் சுழியே எல்லை தாண்டிய பழம்பொருள்தான். இது வேலை செய்யாது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என ஒமிடியார் விசாரித்ததாகவும், பழுதான சுட்டிகளைச் சேகரிப்பது தன் வழக்கம் என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். விற்றவரே முன்வந்து குறையைச் சொன்னார். வாங்கியவர் குறைக்காகவே வாங்கினார். இதைப் பொற்காலம் என்று குறிப்பதில் ஆய்வாளனுக்குத் தயக்கமில்லை. அது ஒரே ஒரு விற்பனை வரைதான் நீடித்தது என்பது வேறு.

பழம்பொருளின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்பதைப் பழைய கார்களை வைத்து 1970இல் நிறுவியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அற்ப விஷயம் என்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. (அற்ப விஷயங்களை ஆராய்வோர் இவ்விடத்தில் சற்றே இளைப்பாறிச் செல்க.) ஆனாலும் அக்கர்லாஃபின் வாங்குபவன் காரின் டயரை ஒரு உதை உதைத்தாவது பார்த்திருப்பான். நம்மவனுக்கு வாய்த்தது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது மட்டும்.

'விற்றோன் கண்டது' என்றது தரக்குறியை. பழைய இசைத்தட்டுகளுக்கு கோல்ட்மைன் இதழ் வகுத்த ஏணி ஒன்று உண்டு: மேலே மின்ட், பிறகு நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட். அதற்கும் கீழே, கரகரப்பும் கீறலுமாய், குட். சேகரிப்பாளருக்கு இது பாலபாடம். மகளின் பிறந்தநாளுக்கென்று முதன்முறையாகத் தட்டு வாங்கும் நார்வேக்காரருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கேமரா லென்ஸ்களின் வழக்கம் இன்னும் நுட்பமானது. எக்ஸலென்ட் என்பதற்குப் பின்னால் ஐந்து கூட்டல் குறிகள் நிற்கும். சற்றுக் கீழே, உள்ளே லேசாகப் பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது என்றிருக்கும். ஐந்து கூட்டலும் ஒரு பூஞ்சையும் சேர்ந்தால் விடை என்ன என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பெட்டி அஞ்சலில் சேர்ந்தது முதல் பிரிக்கப்படும் வரை உள்ள காலத்தைத் திணைகொண்டு பகுத்தல் நலம். அனுப்புதல் பாலை, பிரிவே உரிப்பொருள் ஆகலின். டிராக்கிங் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றியிருத்தல் முல்லை. சிகாகோ அஞ்சல் மையத்துக்குள் நுழைந்த பெட்டியைப் பற்றி மூன்றாம் வாரமும் சேதி வராவிட்டால் நெய்தல். பிரித்துப் பார்த்தபின் மருதம், அதாவது ஊடல். தோழிக்கும் பாணனுக்கும் உரிய வேலையை இங்கே கஸ்டமர் கேர் செய்கிறது. வாயில் மறுத்தலையும் அதுவே செய்துவிடுகிறது. குறிஞ்சி நிகழ்ந்தால் வழக்கு இல்லை, ஆய்வும் இல்லை.

இனி 'திருப்பும் கூலி'. நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சொன்னபடி பொருள் இல்லை என்று முறையிட்டால், திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில் விழுவதே இத்தளங்களின் பொது வழக்கம். நாற்பது டாலர் லென்ஸை ஜெர்மனியிலிருந்து ஒசாகாவுக்குப் பதிவுத் தபாலில் வரவழைக்க லென்ஸின் விலையே ஆகிவிடும் என்று வையுங்கள். விற்றவர் என்ன செய்வார்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறேன் என்பார். இந்தக் கணக்கு வாங்கியவருக்கும் தெரியும். தெரிந்த அன்றே அவர் வீட்டு டார்ச் விளக்கு வெளியே வரும். நேற்றுவரை இல்லாத கீறல் ஒன்று வெளிச்சத்துக்கு வரும். தீர்ப்பு சொல்பவர் லென்ஸைக் கையால் தொடுவதே இல்லை. அவர் முன் இருப்பவை இரண்டு படங்கள், இரண்டு கோபங்கள், ஓர் அஞ்சல் கட்டண அட்டவணை. மூன்றாவதே வெல்லும்.

அஃதேல், குற்றம் முழுதும் கொண்டோன்மேலதோ எனின், அற்றன்று. லென்ஸின் முகத்தை மூடிபோட்டே படம் எடுக்கும் விற்பனையாளர்களை ஆய்வாளன் அறிவான். சுங்கப் படிவத்தில் இருவரும் கூட்டுக் களவாணிகள். சி.என். 22 என்னும் சிறு படிவத்தில் 'பரிசு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, மதிப்பு 10 டாலர் என்று போடுங்கள் என வாங்குபவர் கெஞ்சுவார், விற்பவர் இசைவார். பெட்டி தொலையும். இருநூறு டாலர் கடிகாரத்துக்கு நஷ்டஈடு கேட்டுப் போனால் அஞ்சல்துறை அந்தப் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டும். பரிசு கொடுத்தவர் பணம் கேட்டு நிற்பதும், பரிசு வாங்கவேண்டியவர் வழக்குத் தொடுப்பதும் வேறெந்தப் பண்பாட்டிலும் காணக் கிடைக்காத சடங்கு.

2012 தொடக்கத்தில் செய்தியான வயலின் வழக்கைச் சொல்லாமல் உரை நிறைவுறாது. பழைய வயலின் ஒன்றை ஒருவர் 2,500 டாலருக்கு விற்றார். வாங்கியவர், இம்முறையும், கனடாக்காரர். உள்ளே ஒட்டிய சீட்டு உண்மையல்ல என்று அவர் முறையிட்டார். வயலின்களுக்குள் இருக்கும் சீட்டு அத்தொழிலில் ஒருபோதும் முடிவான சாட்சியமல்ல; தொழிற்சாலை வயலின்களில்கூட ஸ்ட்ராடிவாரியின் பெயர் ஏராளமாக ஒட்டப்பட்டிருக்கிறது. பணப்பட்டுவாடா செய்த பேபால் அதைப் போலி என்று கொண்டு, பணம் திரும்ப வேண்டுமானால் கருவியை அழித்துவிடும்படி வாங்கியவரிடம் சொல்லிற்று. அவர் நொறுக்கிப் படமெடுத்து அனுப்பினார். 1995இல் உடைந்தே போன பொருளால் சண்டை இல்லை. இங்கே முழுதாய்ப் போய்ச் சேர்ந்ததைச் சண்டை உடைத்தது. திருப்பும் கூலியை அடியோடு ஒழித்த தீர்ப்பு என்ற வகையில் இது சூத்திரத்துக்குப் புறனடை.

எஞ்சியது மதிப்புரை. 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவரைக் குறைகூறி எழுத முடியாது. புகழலாம், அல்லது வாய் மூடி இருக்கலாம். அதன்பின் விற்பவர்கள் எழுதியவை அனைத்தும், லென்ஸையும் இழந்து பாதிப் பணத்தையும் இழந்தவர் எழுதியது உட்பட, பாடாண் திணையின்பாற் படும். ஆச்சரியக்குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நஷ்டத்தின் அளவைக் கணிக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.