மூன்றாவது கை கேட்கும் குச்சி

ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் நாட்டுக் கொடி அச்சிட்ட பாய் உப்பிக்கொண்டு வரும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒருவர் பாய்மரத்தை அணைத்தபடி ஒரு குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவரை யாரும் பார்ப்பதில்லை. நல்லதுதான், அவர் வாயிலிருந்து வருவதை ஒளிபரப்ப முடியாது.

குச்சியின் பெயர் 'ஸ்பின்னக்கர் போல்' (pole). காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது விரிக்கிற பலூன் பாய்தான் ஸ்பின்னக்கர். மற்றப் பாய்களுக்கு ஓர் ஓரமாவது மரத்திலோ கம்பியிலோ பிடிமானம் உண்டு. இதற்கு மூன்று மூலைகளைத் தவிர வேறு ஆதரவு கிடையாது. காற்று வரும் பக்கத்து மூலையை வெளியே தள்ளிப் பிடிப்பதற்காகவே இந்த போல். ஒரு முனை பாய்மரத்து வளையத்தில், மறுமுனைக் கொக்கியில் பாயின் கயிறு. குச்சி வானத்துக்குப் போகாமல் கீழே இழுக்க ஒரு கயிறு, தண்ணீரில் விழாமல் மேலே பிடிக்க ஒரு கயிறு. கரையில் நின்று கேட்டால் எளிதாகத்தான் இருக்கும்.

இந்தக் குச்சியோடு ஓடும் படகுகளில் ஒன்று, பிரான்ஸின் ஆந்த்ரே கோர்னு 1963-ல் வடிவமைத்த 470. அதன் நீளம் 4.7 மீட்டர், எடை 120 கிலோ. அதில் இரண்டு பேர். பல நேரங்களில் படகைவிட அவர்கள்தான் கனம். ஆக, ஒருவர் எழுந்து நின்றாலே படகு அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுந்து நிற்காமல் போலைக் கட்ட முடியாது.

சிக்கலெல்லாம் ஜைப் செய்யும்போதுதான். படகு திரும்ப, காற்று மறுபக்கத்துக்கு மாறும். குச்சியும் மாறியாக வேண்டும். சுக்கான்காரர் சுக்கான் கட்டையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளிலும் ஸ்பின்னக்கர் கயிறுகளைப் பிடித்துக்கொள்வார். மீதி வேலை முழுவதும் க்ரூ எனப்படும் மற்றவருடையது. பெரிய பாயின் அடிக்கட்டையான பூம் தலைக்கு மேல் வீசிக் கடக்கும்போது குனிய வேண்டும். நிமிர்ந்து, குச்சியின் முனையை மரத்திலிருந்து கழற்ற வேண்டும். அதே முனையில் புதிய பக்கத்துக் கயிற்றை மாட்டி, குச்சியைக் குறுக்கே தள்ளி, மறுமுனையில் பழைய கயிற்றை விடுவித்து, அதைக் கொண்டுவந்து மரத்தில் மாட்ட வேண்டும். ஓடும் பஸ்ஸில் நின்றபடி கொசுவலை கட்டுகிற மாதிரி. இதற்குச் சுக்கான்காரர் தரும் தொழில்நுட்ப ஆலோசனை ஒரே சொல்: "சீக்கிரம்!"

தவறுகளுக்கும் ஒரு மரபு இருக்கிறது. கயிறு முன்கம்பிக்கு வெளியே போக வேண்டும், அவசரத்தில் உள்ளே போகும். கீழே இழுக்கும் கயிற்றை இறுக்க மறந்தால் ஒரு பலத்த காற்றுக்கே குச்சி நட்சத்திரம் காட்டும். கொக்கியின் வாய் மேலே பார்க்க வேண்டும் என்பார்கள் பெரும்பாலோர். பாய் மேல்நோக்கித்தான் இழுக்கும், திறந்தால் கயிறு தானே நழுவிவிடும். தலைகீழாக மாட்டியவருக்கு அது கடைசிவரை நழுவாது.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு குச்சியின் உயரம் பற்றிய விவாதம் தொடங்கும். பாயின் கீழ் மூலைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த மட்டம் பின்னால் இருப்பவருக்கு ஒரு மாதிரி தெரியும், முன்னால் இருப்பவருக்கு வேறு மாதிரி. நட்புகள் முறிந்தது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த அவஸ்தை வேண்டாமென்றே பிற்காலத்து வேகப் படகுகள் முன்னால் நிலையாக நீட்டியிருக்கும் கம்புக்கு மாறிவிட்டன. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய 49er படகு அந்த ரகம்தான். ஜைப்பின்போது கம்பைத் தொடவே வேண்டாம். அதே போட்டியில் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் தனியாக ஓட்டிய படகுகளில் இருந்தது ஒரே ஒரு பாய். இந்தியாவிலிருந்து போன நால்வரில் ஒருவர்கூட ஸ்பின்னக்கர் போல் பக்கம் போகவில்லை. புத்திசாலிகள்.

போலோடு வாழ்ந்தே தீர வேண்டியவர்கள், படகை முதலில் கரையில் ட்ரெய்லர் மேல் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிப் பழகுங்கள். கடலிலிருந்து வந்ததும் கொக்கிகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு ஏறினால் உள்ளே இருக்கும் ஊசி இறுகிக்கொள்ளும், அதுவும் சரியாக ஜைப்பின்போது.